முதல் ஃபேர்வே வுட் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

கோல்ஃப் பையில் மிக நீளமான கிளப்பான டிரைவரை வாங்குவது ஓரளவு சுலபம். நாலைந்தை அடித்துப் பார்த்து, எது நேராகப் போகிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஃபேர்வே வுட் அப்படியில்லை. டீ (பந்தை உயர்த்தி வைக்கும் சின்ன முளை) இல்லாமல், புல்லில் கிடக்கும் பந்தை, பையில் டிரைவருக்கு அடுத்தபடி நீளமான கிளப்பால் அடிக்க வேண்டும். கடைக்காரர் ஒன்று சொல்வார், கூட ஆடுபவர் வேறொன்று சொல்வார், யூடியூபில் இரண்டுக்கும் எதிராக மூன்றாவது ஒன்று ஓடும். இதற்கு நடுவே நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கும் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆட ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆன, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) இருபதைச் சுற்றி நிற்கும் ஆட்டக்காரரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். இடம், வலம் என்று வருவதெல்லாம் வலது கைக்காரருக்கு. இடது கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரர்களுக்கு ஒரே வரி: நீங்கள் முதலில் வாங்க வேண்டியது பெரும்பாலும் 3 வுட் (ஃபேர்வே வுட்களில் பொதுவாக நீளமானது) இல்லை. ஏன் என்பது கீழே.

1. பையில் எங்கே இடைவெளி என்று பாருங்கள்

விதிப்படி 14 கிளப்புக்கு மேல் எடுத்துப் போக முடியாது. ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) ஒன்று கூடினால் அந்த ஹோலுக்கு 2 ஸ்ட்ரோக் தண்டனை, ஒரு ரவுண்டில் அதிகபட்சம் 4. அதனால் புதிதாக ஒன்று உள்ளே வந்தால் எது வெளியே போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். தொடக்கக்காரர் செட்டோடு வந்த 4 ஐயனை (ஐயன் என்பது மெல்லிய உலோகத் தலை கொண்ட கிளப்) அடிக்கவே பயந்து வைத்திருப்பவர் என்றால் அதற்கு விடை கொடுக்கலாம்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, உங்கள் டிரைவர் வழக்கமாகப் போகும் தூரம். இன்னொன்று, நீங்கள் நம்பி அடிக்கும் மிக நீளமான ஐயனின் தூரம். இரண்டையும் கேரியில் எழுதுங்கள், அதாவது பந்து காற்றில் போய் முதலில் தரையைத் தொடும் வரை. உருண்ட தூரத்தைச் சேர்க்காதீர்கள். டிரைவர் 200 யார்டு, 6 ஐயன் 140 என்று வந்தால் நடுவே 60 யார்டு காலி. அந்த அறுபதை இரண்டு கிளப்பால் நிரப்பலாம், அதிகம் போனால் மூன்று.

இந்த எண்களைச் சொல்லும்போது நாம் எல்லோருமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். உங்களுக்கு வாரா வாரம் பை தூக்கும் கேடி ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். "அண்ணா, நூற்றெழுபது மிச்சம் இருந்தால் நான் எதை எடுக்கிறேன், எங்கே போய் விழுகிறது?" என்று கேட்டால் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்வார். கடையில் இருக்கும் எந்தக் கருவியும் அந்த அளவுக்கு உங்களைப் பார்த்ததில்லை.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலை மேல் இருக்கும் மைதானத்தில் எடுத்த தூரத்தைச் சென்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதலாகப் பறக்கும். கீழே இறங்கி வந்தால் அந்த யார்டுகள் இருக்காது.

2. எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைப் பாருங்கள்

அடியில் பொறித்திருக்கும் 3, 5, 7 என்பதெல்லாம் கம்பெனி வைக்கும் பெயர். வேலை செய்வது லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு. பொதுவாக 3 வுட் 15 டிகிரி, 4 வுட் பதினாறரை அல்லது பதினேழு, 5 வுட் 18 அல்லது 19, 7 வுட் 21 அல்லது 22, 9 வுட் 24 பக்கம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நீளம் ஏறத்தாழ அரை அங்குலம் குறையும். 3 வுட் 43 அங்குலம் என்றால் 7 வுட் 42.

ஒரே பிராண்டுக்குள்ளேயே இந்த எண் மாறும். பிங் ஜி430 வரிசையில் மேக்ஸ் மாடலின் 5 வுட் 18 டிகிரி. அதே வரிசையில் எஸ்எஃப்டி என்று எழுதியிருக்கும் 5 வுட் 19. டெய்லர்மேடில் 3 எச்எல் என்று போட்டிருந்தால் அது பதினாறரை டிகிரி, நடைமுறையில் ஒரு 4 வுட். ஆகவே "என் நண்பனின் 5 வுட்டைவிட இது தூரம் போகிறது" என்று முடிவு கட்டும் முன் இரண்டின் லாஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

இப்போது 3 வுட் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். பந்தின் பறப்பை அளக்கும் கருவி செய்யும் ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்டு, பல வருடம் புழக்கத்தில் இருந்த டூர் சராசரி அட்டவணை ஒன்று உண்டு. அதில் எல்பிஜிஏ (பெண்களுக்கான தொழில்முறைச் சுற்று) ஆட்டக்காரர்கள் டிரைவரை வீசும் வேகம் மணிக்கு 94 மைல். நம்மில் பல ஆண்களின் வேகமும் அதற்கு அக்கம்பக்கம்தான், அல்லது அதற்கும் கீழே. அவர்களின் 3 வுட் கேரி 195 யார்டு, 5 வுட் 185. வித்தியாசம் பத்தே யார்டு. அதுவும் தொழிலாக ஆடி, பெரும்பாலும் முகத்தின் நடுவிலேயே பந்தைப் பிடிப்பவர்களுக்கு.

நமக்கு என்ன நடக்கும்? 15 டிகிரி முகத்தைக் கொண்டு தரையில் கிடக்கும் பந்தை மேலே எழுப்ப வேகம் வேண்டும். வேகம் போதாதபோது பந்து தாழ்வாகக் கிளம்பி சீக்கிரம் விழும். அதைப் பார்த்ததும் அடுத்த முறை பந்தைத் தூக்கிவிட முயல்வோம், எடை பின்காலிலேயே தங்கும், கிளப் பந்தின் தலையைத் தட்டும். 18 அல்லது 21 டிகிரியில் இந்த ஆசையே வராது, முகம் தானாகத் தூக்கிக் கொடுக்கும். சுமாராகப் பட்டாலும் 160 யார்டு போகும் 7 வுட், நன்றாகப் பட்டால் மட்டும் 190 போகும் 3 வுட்டைவிட ஸ்கோர் கார்டில் அதிக லாபம் தரும்.

யாருக்கு 3 வுட் சரி? டிரைவரை மணிக்கு நூறு மைல் பக்கம் வீசுபவர்களுக்கு. அல்லது டிரைவர் கட்டுப்படாமல், குறுகிய ஹோல்களில் டீ வைத்து அடிக்க ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு. இரண்டாவது வகை என்றால்கூட பதினாறரை டிகிரி கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

பெண்களுக்கான மாடல்கள் நீளத்தில் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறைவு, ஷாஃப்டும் (தண்டு) லேசானது. வேகம் குறைவான ஆண்கள், மூத்தவர்கள் கூச்சப்படாமல் அதையும் அடித்துப் பார்க்கலாம். பெயிண்ட் நிறத்துக்கும் பந்து போகும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை.

3. ஹைப்ரிட் வேண்டுமா, வுட் வேண்டுமா

ஹைப்ரிட் என்பது வுட்டும் ஐயனும் கலந்த கிளப். ஒரே லாஃப்டில் இரண்டும் கிடைக்கும். ஹைப்ரிட் ஒன்றரை அங்குலம் அளவுக்குக் குட்டை, தலையும் சின்னது. நீளமான புல்லுக்குள் பந்து புதைந்து கிடந்தால் ஹைப்ரிட்தான் சுலபமாக வெளியே எடுக்கும். 7 வுட் உயரமாகப் போய், செங்குத்தாக இறங்கி, கிரீனில் (குழி இருக்கும் மழித்த புல்தரை) நிற்கும். உங்கள் மைதானத்தில் ரஃப் (ஓரத்து நீளப் புல்) அடர்த்தி என்றால் ஹைப்ரிட், கிரீனுக்கு முன்னால் தண்ணீரோ பங்கரோ (மணல் குழி) நிறைய என்றால் வுட். ஹைப்ரிட்டை அடித்தாலே இடப்பக்கம் சுருண்டு போகிறது என்று புலம்புகிறவர்கள் என் கூட்டத்திலேயே பலர் இருக்கிறார்கள். அவர்களும் வுட் பக்கம் வந்து பார்க்கலாம்.

4. தலையில் பார்க்க வேண்டியவை

பந்துக்குப் பின்னால் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். முகம் உயரம் குறைவாக, தலை அகலமாகப் படிந்திருந்தால் அது தரையிலிருந்து எழுப்புவதற்கு ஏற்றது. உயரமான முகம் டீயிலிருந்து அடிக்க வசதி, தரையில் கஷ்டம். எல்எஸ், எல்எஸ்டி, டூர், பிளஸ் என்று பின்னொட்டு இருந்தால் பெரும்பாலும் அது ஸ்பின் (பந்தின் சுழற்சி) குறைவான, வேகக்காரர்களுக்கான தலை. நமக்கு ஸ்பின் குறைந்தால் பந்து காற்றில் நிற்காது. மேக்ஸ் என்று எழுதியிருக்கும் எளிய தலையே போதும். பந்து தொடர்ந்து வலப்பக்கம் வளைந்து போகிறவர்களுக்கு எஸ்எஃப்டி, டி டைப், டிரா மாதிரிப் பெயர்கள்.

கழுத்தைத் திருகி லாஃப்டை மாற்றும் வசதி பற்றி ஒரு எச்சரிக்கை. லாஃப்டைக் கூட்டினால் முகம் கொஞ்சம் மூடும், பந்து இடம் போகப் பார்க்கும். குறைத்தால் முகம் திறக்கும், வலம். "3 வுட் வாங்குங்கள், வேண்டுமென்றால் 5 வுட் ஆக்கிக்கொள்ளலாம்" என்று விற்கிறார்கள். நீளம் அப்படியேதான் இருக்கும், முகமும் மூடிக்கொள்ளும், ஆகவே அது 5 வுட் ஆகாது. இந்த வசதி எல்லா மாடலுக்கும் கிடையாது, ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு இருக்கும், அடுத்ததற்கு இருக்காது. அது இல்லை என்பதற்காக ஒரு நல்ல கிளப்பை ஒதுக்கவும் வேண்டாம். ரவுண்டின் நடுவே திருகி, அந்த நிலையிலேயே அடித்தால் விதிமீறல், அதையும் நினைவில் வையுங்கள்.

5. ஷாஃப்ட்

ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ், ஏ என்ற எழுத்துகளுக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். அதனால் எழுத்தைவிட எடையைக் கேளுங்கள். உங்கள் டிரைவர் ஷாஃப்டின் எடைக்குச் சமமாகவோ, பத்து கிராம் வரை கூடுதலாகவோ இருந்தால் கைக்கு ஒத்துப்போகும். 50 கிராம் டிரைவரோடு 80 கிராம் ஃபேர்வே வுட் வைத்திருப்பது வீண் சிரமம். எடை கூடக் கூடத் தரம் என்று கடையில் சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

6. ஒப்பிடுவது எப்படி

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

ஃபிட்டிங் இடத்துக்கு (உங்கள் வீச்சுக்குக் கிளப்பைப் பொருத்திப் பார்க்கும் கடை) போகும்போது மூன்று பொருள் கொண்டு போங்கள்: நீங்கள் வழக்கமாக ஆடும் பந்து ஆறேழு, உங்கள் பழைய கிளப், வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று. ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்துகள் தேய்ந்து கிடக்கும், அதை வைத்து வரும் தூரமும் ஸ்பினும் நம்பத் தகுந்தவையல்ல. உங்கள் பந்தை அடிக்க அனுமதிப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கட்டணமும் அப்போதே கேட்கலாம். சில இடத்தில் சில ஆயிரம் வாங்குவார்கள், அங்கேயே கிளப் வாங்கினால் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கழிவை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மார்க்கர் எதற்கு என்றால், பந்தின் பின்பக்கம் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புள்ளி வைத்து, அது கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். பட்ட இடத்தில் முகத்தில் மை ஒட்டும். துடைக்காமல் நாலைந்து அடித்தால் ஒரு கூட்டமாகத் தெரியும். நடுவிலோ ஒரு கோடு கீழேயோ சேர்ந்து விழுந்தால் அந்த நீளம் உங்களுக்கு ஒத்துவருகிறது. முனைக்கும் கழுத்துக்கும் சிதறினால், அளக்கும் கருவியின் திரையில் எவ்வளவு பெரிய எண் வந்திருந்தாலும் அந்தக் கிளப் உங்களுக்கு நீளம் அதிகம். கைத்துணியால் ஒரு துடை, அடுத்த கிளப்.

ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து. முதல் இரண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதி எட்டில் மிகச் சிறந்த ஒன்றையும் சேர்க்காதீர்கள். விற்பவர் காட்டுவது எப்போதும் அந்த ஒன்றைத்தான்! "பாருங்க சார், 214" என்பார். நீங்கள் மீதி ஏழைப் பார்த்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

கேரி: ஏழில் மிகக் குறைந்தது எவ்வளவு, நடுவில் வருவது எவ்வளவு.
இட வல விலகல்: இடது கோடிக்கும் வலது கோடிக்கும் நடுவே எத்தனை யார்டு.
இறங்கும் கோணம்: 40 டிகிரி பக்கம் வந்தால் கிரீனில் நிற்க வாய்ப்பு உண்டு. முப்பதுக்குக் கீழே என்றால் உருண்டு பின்னால் போய்விடும்.

சராசரி ஐந்து யார்டு குறைந்தாலும், மோசமான அடி இருபது யார்டு நீளமாகப் போகும் கிளப்பை எடுங்கள். நம் ஸ்கோரைக் கெடுப்பது மோசமான அடிகள்தான்.

கடையின் செயற்கைப் புல் பாயில் அடிப்பதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. பந்துக்கு முன்பே தரையைத் தொட்டாலும் கிளப் பாயின் மேல் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும், திரையில் நல்ல அடி என்று வரும். அதே அடி ஏப்ரல் மாதத்து இறுகிய ஃபேர்வேயில் (வெட்டிய புல்பாதை) கிளப் எகிறி பந்தின் தலையில் படும், மழை முடிந்த டிசம்பர் ஈரத்தில் மண்ணில் மாட்டும். அதனால் இறுதியாக இரண்டு கிளப் மிஞ்சும்போது, டெமோ கிளப்பை ஒரு நாள் மைதானத்துக்கு எடுத்துப் போகலாமா என்று கேளுங்கள். அடையாள அட்டை நகலும் முன்பணமும் வாங்கிக்கொண்டு கொடுப்பவர்கள் உண்டு. மைதானத்திலேயே இருக்கும் புரோ கடையில் கேட்டால் வாய்ப்பு அதிகம். அப்படிக் கிடைத்தால் நல்ல இடத்தில், காய்ந்த இடத்தில், லேசான ரஃபில், கொஞ்சம் சரிவில் என்று அடித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு கிளப்பைத் திங்கள்கிழமை ஒரு கடையிலும் இன்னொன்றைச் சனிக்கிழமை வேறு கடையிலும் அடித்து எண்களை ஒப்பிடாதீர்கள். கருவி வேறு, பந்து வேறு, உங்கள் முதுகும் அன்று வேறு.

7. விலையும் பழைய சரக்கும்

பெரிய பிராண்டுகளின் புது ஃபேர்வே வுட் ஒன்று நம் ஊரில் ஏறத்தாழ 25,000 முதல் 45,000 ரூபாய் வரை வரும். பெரும்பாலான பிராண்டுகள் புது வரிசையை ஜனவரி, பிப்ரவரியில் இறக்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதமும், இறங்கிய பின் சில வாரமும் முந்தைய வரிசையின் விலை சரியும். டைட்லிஸ்ட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றும். ஒரு தலைமுறை பழையதற்கும் புதியதற்கும் நம் கையில் தெரியும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். இன்னும் பழைய பிங் ஜி425, டெய்லர்மேட் சிம்2, காலவே ரோக் எஸ்டி போன்றவை நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம். பிராண்ட் மேல் பெரிய பிடிப்பு இல்லையென்றால் டெகாத்லான் கடையின் இனெசிஸையும் ஒரு முறை அடித்துப் பார்க்கலாம், செலவு பல மடங்கு குறையும்.

பயன்படுத்தியதை வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே கடகட என்றால் பசை உதிர்ந்திருக்கிறது. தலையின் மேற்பகுதி முகத்தோடு சேரும் விளிம்பில் விரலை ஓட்டி விரிசல் பாருங்கள். ஷாஃப்ட் தலைக்குள் இறங்கும் இடத்தில் கோடு கீறல் இருக்கிறதா பாருங்கள். டேப் வைத்து அளந்து, கம்பெனி சொல்லும் நீளம் இருக்கிறதா என்று சரிபாருங்கள், யாராவது வெட்டியிருக்கலாம். திருகும் வசதி இருந்தால் அதற்கான சாவி கூடவே வர வேண்டும். கிரிப் கல் மாதிரி இறுகியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

போலிகள் நிறைய. நம்ப முடியாத விலை, உறை பிரிக்காத சரக்கு, பில் இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள். கழுத்தில் சீரியல் எண் இருந்தால் படம் எடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிக் கேட்கலாம்.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மச்சான் வாங்கி வருகிறேன் என்பார். கிளப்பைக் கைப்பையோடு விமானத்துக்குள் எடுத்துப் போக முடியாது, செக் இன் பெட்டியாகத்தான் போகும். நீளமான பைக்கு ஏர்லைன் தனிக் கட்டணம் கேட்கிறதா என்று டிக்கெட் போடும்போதே பாருங்கள். சுங்க வரி இல்லாத பொருள் வரம்பு மாறும், பயண வாரத்தில் சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் பில் கையில் இருக்கட்டும்.

கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள், ஆதார் அல்லது பான். வரி கணக்கிடப்படுவது கிளப் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. அதன் மேல் ஐஜிஎஸ்டி, அதன் மேல் கூரியரின் கையாளும் கட்டணம். இணையத்தில் மலிவு என்று தெரிந்த கிளப் வீட்டு வாசலுக்கு வரும்போது உள்ளூர் விலையைத் தாண்டிவிடலாம். வாரன்டி வாங்கிய நாட்டில் மட்டும்தானா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் செட்டை எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் ஆடப் போகிறவர்கள், புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் சீரியல் எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கலாம். திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். கொஞ்சம் முன்கூட்டியே போக வேண்டும், கவுன்டரைத் தேடவே நேரம் ஆகும்.

9. வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

பில்லில் மாடல், லாஃப்ட், ஷாஃப்ட், சீரியல் எண் நான்கும் எழுதியிருக்க வேண்டும். "ஃபேர்வே வுட் 1" என்று மட்டும் போட்ட பில் வாரன்டிக்கு உதவாது. விற்பவர் அதிகாரபூர்வ டீலர்தானா என்பதை பிராண்டின் தளத்தில் சரிபாருங்கள். ஷாஃப்ட் மாற்றி ஆர்டர் கொடுத்தாலோ, இடது கை கிளப் என்றாலோ, வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். போட்டி ஏதாவது மனத்தில் இருந்தால் அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். ஒரு கடையில் "அடுத்த வாரம்" என்ற பதிலை நான் மாதக் கணக்கில் கேட்டேன்.

முதல் சில வாரம் ரேஞ்சில் மிகத் தாழ்வான டீ வைத்து அடியுங்கள், கால் அங்குலம் போதும். பந்து இடது குதிகாலிலிருந்து ஒரு பந்து அகலம் உள்ளே. தூக்காமல், லேசாகக் கீழ்நோக்கி, புல்லைப் பெருக்கிக்கொண்டு போகிற மாதிரி. அது பழகியதும் டீயை எடுத்துவிடலாம்.

கோடையில் கார் டிக்கியில் கிளப்பை விட்டுவைக்காதீர்கள். உள்ளே ஏறும் சூட்டில் தலையைப் பிடித்திருக்கும் பசையும் கிரிப்புக்கு அடியில் இருக்கும் டேப்பும் இளகக்கூடும். வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், உறையோடு.